மன்றோ உருவம் போட்ட நோட்டு

போடிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பாட்டனாரின் மரப்பெட்டியில் 'பேங்க் ஆப் மெட்ராஸ்' என்று அச்சடித்த தாள் ஒன்று கிடக்கிறதாம். பங்குப் பத்திரமா, காசோலையா, நோட்டா என்று கேட்கிறார். பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் நோட்டாக இருந்துவிட்டால் என்ற நினைப்பிலேயே இரண்டு நாளாய் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ரிசர்வ் வங்கிக்கு வெகுகாலம் முன்பே இங்கே வங்கிகள் சொந்தப் பெயரில் நோட்டு அடித்தன. கல்கத்தாவில் 1770இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் வங்கி முழுக்கத் தனியாருடையது. பிறகு வந்த வங்காள, பம்பாய், மெட்ராஸ் வங்கிகளில் அரசுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. மெட்ராஸ் வங்கி பிறந்தது 1843இல். 1861ஆம் ஆண்டுச் சட்டம் நோட்டு அடிக்கும் உரிமையை அரசின் கைக்கே கொண்டுபோய்விட்டது. மூன்று மாகாண வங்கிகளில் மிகக் குறைவாக நோட்டு விட்டதும் மெட்ராஸ்தான். அந்த நோட்டில் இருப்பது சர் தாமஸ் மன்றோவின் உருவம். சென்னைத் தீவுத்திடல் அருகே சேணமில்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அதே மன்றோ.

அமெரிக்காவில் இது இன்னும் பெரிய கூத்து. 1860கள் வரை ஊருக்கு ஊர் வங்கி, வங்கிக்கு வங்கி நோட்டு. கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்திலேயே ஒரு விலைப்புத்தகம் வைத்திருப்பார். நீட்டிய நோட்டு எந்த வங்கியுடையது, இன்னும் நடக்கிறதா, எவ்வளவு வட்டம் பிடிக்கலாம் என்று அதில் பார்ப்பார். தூரத்து வங்கி என்றால் முழு மதிப்பும் கிடைக்காது.

இந்த அமெரிக்கக் கதையைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் கூலிச் சீட்டுதான் ஞாபகம் வந்தது. பொட்டிப்புரத்திலிருந்து மலையேறி ஏலத்தோட்டத்தில் கூலிக்கு நின்றவர் அவர். நாலு விரல் அகலத் தாள், ஓரத்தில் தோட்டத்து முத்திரை, கீழே கணக்குப்பிள்ளையின் ஊதா மைக் கையெழுத்து. மலைமேல் கடையில் அதற்கு அரிசி முழுசாய் அளப்பார்கள். கீழே இறங்கி நீட்டினால் ரூபாய்க்கு ஓரணா கழித்துக்கொள்வார்கள். தாளும் மையும் மாறவில்லை. கணக்குப்பிள்ளையைத் தெரிந்தவர்கள் மலையோடு நின்றுவிட்டார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சீட்டு மடிப்பில் கிழிந்தபோது பள்ளிக்கூடத்துப் பையனான நான் செலோடேப் ஒட்டினேன். பசை மஞ்சளித்து, கையெழுத்தை அப்படியே தின்றுவிட்டது. இன்றைக்கும் அதை எடுத்துப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. அதைவிடக் கொடுமை லேமினேஷன். சூட்டில் உருகிப் பிடித்த பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது அநேகமாய் நடக்காத காரியம். இன்னொரு எச்சரிக்கை: பழைய நோட்டுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று போனில் பேசுகிறவர்களை நம்பிப் பணத்தை விட்டவர்கள் நம் பக்கமும் உண்டு. அவர்களிடம் பேச்சே வேண்டாம்.

வாசகருக்கு: தாளை ஒட்டாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். அமிலமில்லாத காகிதத்துக்குள் வைத்து, கரையான் ஏறாத இடத்தில் வையுங்கள். மன்றோ இருக்கிறாரா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். இருந்தால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.