துரத்தும் நாய் ஏன் குரைக்கிறது?

பிச்சாட்டூர் ஆரணியாற்று அணைப் பக்கம் வேலைக்கு வந்துள்ள நம்மவரில் தெற்கத்திக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: சிப்பிப்பாறையும் கன்னியும் முயலின் பின்னால் ஓசையின்றி ஓடும். அவற்றுக்குக் கண்தான் கருவி. இரை பார்வையில் இருக்கையில் கத்துவானேன்? நாலுகால் பாய்ச்சலில் மூச்சும் காலடியோடு சேர்ந்தே வந்து போகிறது. குரைத்தால் வேகம்தான் கெடும்.

சீமையின் பீகிள், பாக்ஸ்ஹவுண்ட் சாதிகளின் கதை வேறு. தரையை முகர்ந்து செல்பவை அவை. இரை எங்கோ புதருக்குள், எஜமானர் எங்கோ பின்னால். மோப்பம் கிடைத்ததும் விடாமல் குரல் கொடுத்தால்தான் மற்ற நாய்களும் ஆளும் வழி தெரிந்து வர முடியும். அப்படிக் குரல் கொடுப்பவற்றையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் பெருக்கினார்கள். மூதாதையான ஓநாய் பெரும்பாலும் சத்தமின்றியே வேட்டையாடும். செந்நாயோ, காட்டில் சிதறிய கூட்டத்தைச் சீழ்க்கையடித்துச் சேர்க்கும்!

பன்றியை வளைத்த நாய் குரைப்பது, ஆள் வரும்வரை அதை நிறுத்திவைக்க.

பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, நாயை ஏவி முயலைத் துரத்துவதும் வேட்டையே. எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் அதே சட்டம்தான். முயல் ஓடிவிட்டது என்று சொல்லித் தப்ப முடியாது. முயற்சியும் கணக்கில் சேரும். வழக்கு வருவது நாயின் மேல் அல்ல.