நகத்தளவு சில்லில் ஓர் இரகசியச் சாவி

1984ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூரில் நடைபெற்ற பன்னாட்டு மாநாடொன்றில், சார்ல்ஸ் பெனெட், ஜீல் பிராசார் என்னும் இரு அறிஞர்கள், ஒளியின் மிகச் சிறிய அலகாகிய போட்டனைக் கொண்டே இரகசியச் சாவியைப் பகிரும் முறையொன்றை முன்வைத்தனர். அவர்களது குடும்பப் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளோடு ஆண்டையும் சேர்த்து 'பிபி84' என வழங்கப்படும் அம்முறையின் கட்டுரை தென்னிந்திய நகரொன்றின் மாநாட்டுத் தொகுப்பில் அச்சேறியது என்பது தமிழ் வாசகர் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தியாகும்.

இங்கே சாவி எனப்படுவது, செய்தியைப் பிறர் படிக்க இயலாதவாறு உருமாற்றவும் மீட்கவும் உதவும், எவ்வித ஒழுங்குமற்ற எண்வரிசை. கொழும்பில் உழைக்கும் மகள் இலங்கை மலைநாட்டின் கந்தப்பளையிலுள்ள பெற்றோரின் வங்கிக் கணக்குக்குக் கைப்பேசி வழியே பணம் அனுப்பும்போதும் அதனைக் காப்பது இத்தகைய சாவியே. இன்று இச்சாவிகளைப் பகிரும் முறைகள் பெரும்பாலும் கடினமான கணக்குகளையே நம்பியிருக்க, அக்கணக்குகளிற் பலவற்றை ஆற்றல்மிக்க குவாண்டம் கணினியால் விரைந்து தீர்க்கலாம் என 1994இல் பீற்றர் ஷோர் காட்டியதால், இன்று பதிவுசெய்து வைக்கப்படும் செய்திகூடப் பின்னொரு நாளில் திறக்கப்படலாம் என்ற அச்சம் எழுந்தது. போட்டனோ கணக்கின் கடினத்தை நம்புவதில்லை. அதன் அறியப்படாத நிலையைப் பிழையின்றி நகலெடுக்க இயற்கை இடமளிக்காது. இடையில் ஒருவர் ஒவ்வொரு போட்டனையும் பிடித்து அளந்து மீண்டும் அனுப்பினால், அனுப்புநரும் பெறுநரும் ஒப்பிட்டுப் பார்க்கும் எண்களில் ஏறத்தாழ நான்கிலொன்று பிழையாகி அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கருத்து இவ்வளவு தெளிவாக இருந்தும் அது நெடுங்காலம் ஆய்வுக்கூடத்தை விட்டு எளிதில் வெளிவராமைக்குக் காரணம், கண்ணாடிகளும் வில்லைகளும் பரப்பிய மேசையளவுக் கருவிகளே. இதற்கு வழிகாட்டியது சிலிக்கன் சில்லு. ஒளியின் முறிவுச் சுட்டி சிலிக்கனில் ஏறத்தாழ 3.5 ஆகவும் அதைச் சூழும் சிலிக்காவில் 1.44 ஆகவும் இருப்பதால், அரை மைக்ரோமீற்றர் அகலமுள்ள சிலிக்கன் வரம்பினுள் ஒளி சிறைப்பட்டுச் சில மைக்ரோமீற்றர் வளைவுகளிலும் சிந்தாமல் திரும்புகிறது. இதனால் மேசையிலிருந்த கருவிகளிற் பல நகத்தளவுச் சில்லுக்குள் அடங்குகின்றன. ஆனால் சிலிக்கன் தானாக ஒளியை நன்கு உமிழாது. ஆகவே 2017இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் சில்லுகளால் சாவியைப் பகிர்ந்து காட்டியபோது, அனுப்பும் சில்லை லேசர் பிறப்பிக்கவல்ல இந்தியம் பொஸ்பைட்டில் அமைத்தனர்.

இத்துறையில் தமிழகமும் இன்று முன்னணியில் நிற்கிறது. இந்திய அரசு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கி ஏற்ற தேசிய குவாண்டம் திட்டத்தின் தகவல் தொடர்புப் பிரிவுக்குச் சென்னை ஐஐடி நடுவமாக அமைந்துள்ளது. சாவிக்கு வேண்டிய கணிக்கவியலா எண்களை ஒளியிலிருந்து பெறும் கருவியை அந்நிறுவனத்தார் சிலிக்கன் சில்லைக் கொண்டே உருவாக்கியுள்ளனர்.

எஞ்சியிருப்பது தொலைவு. நல்ல ஒளியிழையிலும் 50 கிலோமீற்றருக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு ஒளியே மிஞ்சுவதால், கந்தப்பளையிலிருந்து கொழும்புவரை சாலையோரமாக 150 கிலோமீற்றருக்கு மேல் செல்லும் இழையொன்றில் ஆயிரம் போட்டன்களில் ஒன்றுகூடச் சேர்வது அரிது. நகலெடுக்க இயலாத போட்டனை வழியில் பெருக்கவும் முடியாது. 2017இல் பெய்ஜிங்குக்கும் ஷாங்ஹாய்க்கும் இடையே ஏறத்தாழ 2,000 கிலோமீற்றருக்கு அமைந்த தடத்தில் சாவியைப் பெற்று மீண்டும் அனுப்பும் 32 நம்பக இடைநிலையங்கள் தேவைப்பட்டது இதனாலேயே. அத்தகைய ஒவ்வொரு நிலையத்திலும் அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் வைக்கவேண்டியிருப்பதால், அவற்றைச் சில்லளவுக்குச் சுருக்கி மலிவாக்குவதே மலைநாடுபோன்ற இடங்களுக்கு இத்தடம் எட்டுமா என்பதைத் தீர்மானிக்கும்.