புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில்

தமிழாசிரியனுக்கும் வரைபுத்தாளுக்கும் யாது தொடர்பு என்று இம்மலரைப் புரட்டும் பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. கிடையச்சும் நிலைக்குத்தச்சும் கீறி, கூரிய பென்சிலாற் புள்ளிகளைக் குறித்து, மூச்சை அடக்கிக்கொண்டு அவற்றை வெறுங்கையால் வளைத்து இணைத்த கணித வகுப்புகள் அவர்களுக்கு நினைவிருக்கும். அவ்வேலையை இன்று நம் மாணவர் கணினியிடம் ஒப்படைத்துவிட்டனர். அண்மையில் உயர்தர வகுப்பினர் சிலர் கண்டியின் மழைவீழ்ச்சி பற்றித் தாம் எழுதிய ஒப்படையின் தமிழ்நடையைத் திருத்தித் தருமாறு என்னிடங் கொணர்ந்தனர். நடையைத் திருத்தப் புகுந்த நான் அதிலிருந்த படங்களில் அகப்பட்டுக்கொண்டேன்.

அவர்கள் எடுத்தாண்டது பைதன் என்னுங் கணினி மொழிக்குரிய மட்பிளொட்லிப் என்னும் நூலகம். நூலகம் என்றவுடன் அலுமாரிகளை எண்ணவேண்டா. ஒருவர் எழுதிய கட்டளைகளைப் பிறரும் பயன்கொள்ளுமாறு தொகுத்து வைத்ததே ஈண்டு அப்பெயர் பெறுகின்றது. ஜோன் ஹன்டர் என்னும் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளரின் மூளையில் எழும் மின்னலைகளைப் படமாக்கிக் காணத் தமக்கொரு கருவி வேண்டி இதனை ஆக்கினார். 2003 ஆம் ஆண்டில் எவரும் விலையின்றிப் பெறுமாறு வெளியிட்டார். 2012 இல், 44 ஆவது வயதிற் காலமானார். எண்களை நிரல்படுத்திக் கணிக்கும் நம்பை என்னும் பிறிதொரு நூலகம் இதற்குத் துணைநிற்பது. எண்ணைக் கோடாகக் காட்டும் வழக்கமோ கணினிக்கு மிக முந்தியது. வில்லியம் பிளேபெயர் என்பார் 1786 இலேயே இங்கிலாந்தின் வணிகக் கணக்குகளை அவ்வாறு வரைந்து நூலாக்கினார்.

சார்பு ஒன்றை வரையுமாறு பணித்தாற் கணினி யாது செய்கின்றது? வளைகோடு வரைய அது அறியாது. தொடக்கம், முடிவு, புள்ளிகளின் தொகை ஆகிய மூன்றையும் நாம் சொல்ல, நம்பை அவ்விடைவெளியைச் சமமாகப் பகுத்து, ஒவ்வோரிடத்துஞ் சார்பின் பெறுமானத்தைக் கணிக்கும். மட்பிளொட்லிப் அப்புள்ளிகளை நேர்கோட்டுத் துண்டுகளால் இணைத்துவிடும். அவ்வளவே. 0 பாகை முதல் 360 பாகை வரை சைன் சார்புக்கு 100 புள்ளிகள் கொடுத்தால், துண்டுகள் மிகச் சிறியனவாகையால் நங் கண்ணுக்கு அழகிய அலையாகத் தோன்றும். 5 புள்ளிகள் கொடுத்தால் அலை போய் வாள்முனையொத்த கோணல் வரும். 3 கொடுத்தாலோ முதல், நடு, முடிவு மூன்றிலும் பெறுமானம் பூச்சியம். ஆகவே அலை முற்றாய் மறைந்து, தட்டையான கோடொன்றே எஞ்சுதல் வேண்டும்.

ஆனால் மாணவர் அதனைச் செய்து காட்டியபோது திரையிலே தட்டைக்கோடு வரவில்லை. சிறியதோர் ஏற்றமும் பெரியதோர் இறக்கமும், அந்தானை மலைச்சரிவு போல நின்றன. காரணம் விந்தையானது. முடிவில்லாத் தசமமாகிய பை என்னும் எண்ணைக் கணினி ஏறத்தாழ 16 இலக்கங்களோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே அது கணித்த விடை பூச்சியமன்று. ஒன்றை ஒன்றின் பின் 16 பூச்சியங்கள் கொண்ட எண்ணாற் பிரித்தால் வருவது போன்ற அற்ப எண். நாம் அளவிடை குறிப்பிடாதபோது, இருக்கின்ற எண்கள் படம் முழுவதையும் நிரப்புமாறு நூலகமே அளவிடையைத் தெரிந்துகொள்ளும். தூசியும் மலையாயிற்று. அச்சின் தலையிற் சிறிய எழுத்தில், பத்தின் மறைப் பதினாறாம் வலு என்பதற்குரிய குறி ஒன்றிருந்தது. அதனைப் படித்தவர் எவருமிலர்.

தான்சன் சார்பிலே வேறொரு பிழை. 90 பாகையில் அதற்குப் பெறுமானமே இல்லை. அதற்குச் சற்று முன் மேலே விண்ணை நோக்கி எழுவது, சற்றுப் பின் கீழே பாதாளத்தினின்று ஏறி வருகின்றது. கணினியோ இரண்டையும் இணைத்து நெட்டுக்குத்தாய் ஒரு கோடு போடும். நன்னூல் கற்றார் புணர்ச்சி விகாரம் மூன்றினையும், தோன்றல் திரிதல் கெடுதல் என, இங்கே காணலாம். மூன்று புள்ளியில் அலை கெட்டது, ஐந்து புள்ளியில் திரிந்தது, தான்சனில் இல்லாத கோடு தோன்றியது. இதற்கு மருந்து, அவ்விடத்தில் 'எண் அன்று' என்னுங் குறியை வைத்தல். அக்குறியைக் கண்டாற் கோடு அறுந்து, இடம் வெறுமையாய் நிற்கும். அதனை மறவாதிருக்க. மழையிலும் அது வேண்டப்படும்.

இனி ஒப்படைக்கு வருவோம். கண்டியின் மாதாந்த மழை, 1961 முதல் 1990 வரையான சராசரிப்படி, மார்ச்சில் 71 மில்லிமீற்றர், ஏப்ரிலில் 188, ஓகத்தில் 113, நவம்பரில் 296. ஆண்டுக்கு 1840. மாணவர் இவற்றைக் கோட்டால் இணைத்திருந்தனர். ஒரு மாத மொத்தத்துக்கும் மறு மாத மொத்தத்துக்கும் நடுவே யாதுமில்லையாகலின் சலாகை வரைபே இதற்குத் தக்கது. இது சிறு குற்றம். பெருங்குற்றம் வேறு. 296 மில்லிமீற்றரை 30 நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 10 கூட வராது. நனைந்த குடையோடு வீடு சேரும் மழை அது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனமோ 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மண்சரிவு பற்றி விழிப்பாயிருக்கவும், 100 ஆனால் ஆயத்தமாகவும், 150 ஆனால் வீட்டைவிட்டு வெளியேறவுஞ் சொல்கின்றது. நவம்பர் மழையிற் பாதிக்குச் சற்று மேல் ஒரே நாளிற் கொட்டினால் அந்த மூன்றாம் எல்லை வந்துவிடும். அவ்வாறு கொட்டினாலும், மாதம் முழுதுந் தூறினாலும், மாத வரைபிற் சலாகையின் உயரம் ஒன்றே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் இம்மாவட்டத்துச் சரிவுகள் இரவோடிரவாக வீடுகளை மூடியதைக் கண்டோர் நம்மிடையே உளர். அம்மழை நாட்கணக்கில் வந்ததன்று, மணிக்கணக்கில் வந்தது.

ஆகவே, கல்லூரி முற்றத்து மழைமானியில் அவர்கள் எடுத்து வைத்திருந்த நாளாந்தக் குறிப்பை வரையச் சொன்னேன். வந்த படத்திலே திங்கட்கிழமைதோறும் மழை மிகுந்து நின்றது! சோமவார மகிமை என்று ஒருவன் நகைத்தான். சனி, ஞாயிறுகளில் மழைமானியைப் பார்ப்பாரில்லை. மூன்று நாள் நீரும் திங்களன்று ஒருங்கே அளக்கப்பட்டிருந்தது. மற்றைய இரு நாட்களுக்கும் பூச்சியம் இட்டிருந்தனர். மழை பெய்யவில்லை என்பது வேறு, நாம் அளக்கவில்லை என்பது வேறு. பூச்சியங்களை நீக்கி 'எண் அன்று' என்னுங் குறியை இட்டனர். அத்திங்கட்கிழமைகளின் மொத்தத்தையும் ஒருநாள் மழையாகக் கொள்ளாது தனி நிறத்திற் காட்டினர். பின்பு 75, 100, 150 ஆகிய மூன்று எல்லைகளையும் குறுக்குக்கோடுகளாகக் கீறினர். படம் முன்னையிலும் அழகு குன்றியே இருந்தது. இடையிடையே வெற்றிடம், பற்போன வாய்போல.

அவ்வெற்றிடம் இப்பொழுது குறைந்து வருகின்றது. கல்லூரி மதிலுக்கு அப்பால் வீடுள்ள மாணவன் ஒருவன் சனி, ஞாயிறுகளிலுங் காலை 8.30 மணிக்கு வந்து அளந்து எழுதிவிட்டுப் போகிறான்.