மானிட்டரின் முகக்குறி

நோயுற்ற மனிதன் தன் துன்பத்தை வாயாற் கூறுவான்; நோயுற்ற மாடு தன் நடையாற் காட்டும். பழுதுற்ற பொறியோ பெரும்பாலும் வாளா கிடக்கும். ஆயின், பழைய வீடியோ கேம் பெட்டியின் மானிட்டர் தன் குறையைத் தன் முகத்திலேயே எழுதிக் காட்டுகின்றது. அவ்வெழுத்தைப் படிக்கும் முறையை இக்கட்டுரையிற் கூறப் புகுந்தோம். தமிழ் பயிலும் எமக்கு இதிலென்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கலாம். படித்தல் எம் தொழில். ஏட்டிற் படித்தாலென்ன, திரையிற் படித்தாலென்ன?

சென்ற கோடை விடுமுறையில், தரங்கம்பாடியில் எம் அண்டை வீட்டார், பல்லாண்டுகளுக்கு முன் மூடிய தம் கடையின் கேம் பெட்டியொன்றைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட எண்ணினர். திரையின் நடுவே குறுக்காக ஒரேயொரு ஒளிக்கோடு மட்டும் தோன்றிற்று. 'டியூப் போய்விட்டது' என்பதே பலர் தீர்ப்பு. ரேடியோவும் டி.வி.யும் பழுது பார்த்தே முதுமை எய்திய மெக்கானிக் ஒருவர் மட்டும் அதனை ஏற்றிலர். அவர்பால் யாம் கற்றதே பின்வருவது.

பிரௌன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1897-ஆம் ஆண்டிற் செய்த கதிர்க்குழாயின் வழிவந்ததே இப்படக்குழாய். காற்று நீக்கிய அக்கண்ணாடிக் குழாயின் கழுத்திலிருந்து எலக்ட்ரான்கள் பாய்ந்து, திரையின் உட்பூச்சில் மோதி ஒளி எழுப்புகின்றன. கழுத்தைச் சூழ்ந்த 'யோக்' என்னும் செப்புக் கம்பிச்சுருள், காந்த ஆற்றலால் அக்கதிரை வளைத்துச் செலுத்துகின்றது. உழவன் சால்மேற் சாலாக வயலை உழுவதுபோல, அக்கதிர் வினாடிக்கு ஏறக்குறைய 15,700 கோடுகளை வரைந்து, மேலிருந்து கீழாகத் திரையை 60 முறை நிரப்புகின்றது. நம் அரசு 2006-ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளும் இவ்வினத்தனவே.

இனி, அவ்வொளிக்கோடு கூறுவது யாது? கோடு ஒளிர்வதால் குழாய்க்கு உயிர் உண்டு. உயர் மின்னழுத்தமும் உண்டு. இடம் வலமாக நீண்டிருப்பதால் அவ்வோட்டமும் நன்றே. மேல் கீழாகக் கதிரை இழுக்கும் பகுதி மட்டுமே செயலற்றது. எனவே அக்கோடு சாவின் குறியன்று, ஓர் உறுப்பின் முடமே. 1980-இல் வெளிவந்த 'பாக்மேன்' பெட்டியைப் போலத் திரையை நெடுக்காகத் திருப்பி அமைத்தவற்றில் இக்கோடும் நிமிர்ந்து நிற்கும் என்பதை மறத்தலாகாது. இக்குறி கண்டவுடன் ஒளியைக் குறைத்தல் வேண்டும். இன்றேல் திரையின் பூச்சு அவ்விடத்தே கருகும்.

ஏனைக் குறிகளுஞ் சில உள. படம் மேலுங் கீழும் உருண்டோடினும், சாய்கோடுகளாகச் சிதறினும், 'சிங்க்' என்னும் ஒழுங்குக் குறிப்பு செவ்வனே சேரவில்லை என்க. படத்தின் மேற்பகுதி மடிந்தோ சுருங்கியோ காணின், மேல்கீழ் ஓட்டத்தைச் சார்ந்த கபாசிட்டர் ஒன்று வறண்டிருத்தல் கூடும். விளிம்புகள் நெளிந்தசைந்தால் பவர் சப்ளையின் பெரிய கபாசிட்டரை ஐயுறுக. மூலைகளில் நிறத்திட்டுகள் தோன்றின், குழாயினுள்ளிருக்கும் உலோகத் தகடு காந்தமேறியுளது. அதனை டீகாஸ் சுருளால் நீக்கலாம். படம் தெளிய நெடுநேரமாகி, தெளிந்தும் மங்கலாயிருப்பின், அங்கே குழாயே முதுமையுற்றது எனலாம்.

ஒரு நிறம் மட்டும் மறைந்தால், குறை மானிட்டரிலா, படமனுப்பும் போர்டிலா? சிவப்பு மறைந்ததாகக் கொள்வோம். மின்சாரத்தை நிறுத்திச் சிவப்புக் கம்பியையும் பச்சைக் கம்பியையும் மானிட்டரின் வாயிலில் இடம் மாற்றி இணைக்க. மீண்டும் இயக்குங்கால் சிவப்புத் தோன்றிப் பச்சை மறையின், குறை போர்டிலோ கம்பியிலோ உளது. அப்போதும் சிவப்பே தோன்றாதாயின் மானிட்டரில் உளது. இத்துணை எளிய சோதனை வீண்செலவு பலவற்றைத் தடுக்கும்.

இவற்றினும் தலையாயது உயிர்க்காப்பு. வண்ணக் குழாய்க்குச் செல்லும் அழுத்தம் 20,000 வோல்ட்டிற்கு மேற்படும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் குழாய் அதனைத் தேக்கி வைத்திருக்கும். முறையாகப் பயின்றவரையன்றிப் பிறர் பின்மூடியைத் திறத்தலாகாது. பயின்றவரும் தனித்திருந்து தொடுதல் கூடாது. தேங்கிய மின்சாரத்தை முதலில் முறைப்படி இறக்குதல் வேண்டும். எம் ஆசான் அதனை இறக்கும்வரை எம்மை நான்கடி தொலைவிலேயே நிறுத்தினார்.

பின்னர் அவர் பூதக்கண்ணாடி கொண்டு யோக்கின் இணைப்பை நோக்கினார். உப்புக்காற்றில் நிறம் மாறிய ஓர் ஊசியின் அடியிலே, மயிரிழையன்ன வளையமாக ஈயப்பற்று வெடித்திருந்தது. அதனை 'டிரை சால்டர்' என்பர். பழைய ஈயத்தை நீக்கிப் புதியது வைத்தார். மின்சாரம் பாய்ந்ததும் அக்கோடு மேலுங் கீழும் விரிந்து முழுப்படமாயிற்று. எனினும், பல்லாண்டு ஒரே படம் நின்றமையால் திரையிற் பதிந்த நிழல் மறையவில்லை. 'அது தழும்பு, அதற்கு மருந்தில்லை' என்றார் அவர்.

ஈயமும் கபாசிட்டரும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். படக்குழாயோ, தட்டைத் திரைகள் வந்தபின் புதிதாகக் கிடைத்தல் அரிது. செம்புக் கம்பிக்காக அதனை உடைத்து வாய்க்காற் கரையில் எறிவார்க்கு மற்றொன்றும் கூறுவோம். வண்ணக் குழாயின் கண்ணாடியில் ஈயம் மிகக் கலந்துளது. நாம் உண்ணும் நெல் அம்மண்ணிலேதான் விளைகின்றது. ஆதலின் 'டியூப் போய்விட்டது' என்று தீர்ப்பளிக்குமுன், அதன் முகத்தை ஒருமுறை பொறுமையோடு படித்துப் பார்ப்போமாக.