நார்க்கழிவும் காளானும்

தென்னையில் வீணாகும் பொருள் ஒன்றும் இல்லை என்று நம் பெரியோர் கூறுவர். இளநீர் தாகத்தைத் தீர்க்கிறது, பருப்பு உணவாகவும் எண்ணெயாகவும் பயன்படுகிறது, ஓலை கூரையாகிறது, ஈர்க்கு துடைப்பமாகிறது, கொட்டாங்கச்சி அகப்பையாகிறது, தேங்காய் மட்டை கயிறாகிறது. ஆயினும் இப்புகழுரைக்குள் அடங்காத பொருள் ஒன்று நெடுங்காலம் இருந்து வந்தது. மட்டையை அடித்து நாரைப் பிரிக்கும்பொழுது உதிரும் பழுப்பு நிறத் துகளையே குறிப்பிடுகிறேன். அதனைத் தென்னை நார்க்கழிவு என்று வழங்குகிறோம். ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ கழிவு மிஞ்சுகிறது.

பொள்ளாச்சி வட்டாரத்தில் நார் ஆலைகளின் பின்புறம் இக்கழிவு சிறு குன்றுகளைப் போலக் குவிந்து கிடப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மழை பெய்தால் அக்குன்றிலிருந்து செந்நிறச் சாறு கசிந்து நிலத்தில் இறங்குகிறது. கோடையில் தீப்பற்றினாலோ, மேலே சுடர் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே நாட்கணக்கில் புகைந்துகொண்டிருக்கிறது. இந்நாளில் இதனைக் கழுவி, கட்டிகளாக அழுத்தி, வெளிநாடுகளுக்கும் அனுப்பி வருகின்றனர் என்பது உண்மையே. எனினும், தென்னை நம் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்ட பொருளில் ஒரு பங்கேனும் அம்மண்ணுக்கே திரும்புதல் நன்றன்றோ? அவ்வாறு திரும்பச் செய்வது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இலைதழைகளைப் போல இதனையும் வயலில் கொட்டி உழுதுவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். அங்கேதான் இடர்ப்பாடு இருக்கிறது. தாவரங்களின் உடல் பெரும்பாலும் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. இதனை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் விரும்பி உண்ணும். ஆனால் மரத்தன்மை வாய்ந்த பகுதிகளில் லிக்னின் என்னும் மற்றொரு பொருள் செல்லுலோஸைச் சூழ்ந்துகொண்டு காவல் புரிகிறது. செங்கல்லைச் சுற்றிப் பூசிய சாந்து என்று இதனைக் கருதலாம். மரத்துக்கு உறுதியைத் தருவதும், அதனை எளிதில் அழுகவிடாமல் காப்பதும் இதுவே. நார்க்கழிவில் ஏறக்குறைய 30 விழுக்காடு லிக்னின் உள்ளது. ஆதலால்தான் குவியல் ஆண்டுக்கணக்கில் மக்காமல் கிடக்கிறது.

மற்றொரு குறையும் உண்டு. நுண்ணுயிர்கள் நன்றாகப் பெருகிக் கழிவை மக்கச் செய்வதற்கு, சுமார் 30 பங்கு கரிச்சத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். நார்க்கழிவிலோ 112 பங்கு கரிக்கு ஒரு பங்கு தழைச்சத்துதான் இருக்கிறது. பெரிய அண்டா நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கரண்டி குழம்பை ஊற்றிப் பந்தி நடத்துவதை இதற்கு ஒப்பிடலாம். இத்தகைய பச்சைக் கழிவை வயலில் இட்டால், நுண்ணுயிர்கள் தமக்குப் பற்றாத தழைச்சத்தை மண்ணிலிருந்து கவர்ந்துகொள்ளும். பயிர் பட்டினி கிடந்து மஞ்சளாகும். உரம் என்று எண்ணி இட்டது பயிரின் உணவையே பறித்துவிடும். எனவே, கழிவு வயலுக்குச் செல்லுமுன் வெளியிலேயே செரிக்கப்பட்டாக வேண்டும்.

செரிக்க வல்லவர் யார்? மழைக்காலத்தில் காட்டில் விழுந்து கிடக்கும் மரத்தை உற்று நோக்குங்கள். சில கட்டைகள் வெளுத்து, நாராகப் பிரிந்து, விரலால் பிய்க்கும் அளவுக்கு மென்மையாகி இருக்கும். இது வெண்ணழுகல் காளான்களின் வேலை. நாம் கண்ணால் காணும் குடை, அக்காளானின் பூவும் காயும் போன்றதே. அதன் உண்மையான உடல், பஞ்சினும் மெல்லிய வெண்ணிற இழைகளாகக் கட்டைக்குள் பரவியிருக்கிறது. நாம் உணவை விழுங்கிய பின் செரிக்கிறோம். காளானோ செரிப்பு நீர்களை வெளியே சுரந்து, உணவை வெளியிலேயே கரைத்து, பிறகு உறிஞ்சிக்கொள்கிறது. லிக்னினைச் சிதைக்கும் நொதி ஒன்றை இவ்வகைக் காளான் ஒன்றிலிருந்து பிரித்தறிந்த செய்தியை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1983 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வியப்பு யாதெனில், காளானுக்கு லிக்னின் நல்ல உணவன்று. உள்ளே இருக்கும் செல்லுலோஸை அடைவதற்காகவே அது கதவை உடைக்கிறது. அவ்வாறு உடைத்த கதவின் வழியே பிற நுண்ணுயிர்களும் நுழைந்துவிடுகின்றன.

நம் வீடுகளில் சமைத்து உண்ணும் சிப்பிக் காளான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. இதனைக் கொண்டு நார்க்கழிவை மக்கச் செய்யும் முறையைக் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்து வருகிறது. ஒரு டன் கழிவுக்கு 5 புட்டி காளான் வித்தும் 5 கிலோ யூரியாவும் போதும். மர நிழலில் 5 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள இடத்தைச் சமன் செய்துகொள்ள வேண்டும். அதில் 100 கிலோ கழிவைப் பரப்பி, ஒரு புட்டி வித்தைத் தூவ வேண்டும். அதன்மேல் இன்னும் 100 கிலோ கழிவைப் பரப்பி, ஒரு கிலோ யூரியாவைத் தூவ வேண்டும். இவ்வாறு வித்தும் யூரியாவும் மாறி மாறி வரும்படி பத்து அடுக்குகள் போட்டால் ஒரு டன் முடிந்துவிடும். அண்டாச் சோற்றுக்குக் குறைந்த குழம்பை ஈடுசெய்வதே யூரியாவின் வேலை என்பதை இப்பொழுது நீங்களே உணர்ந்திருப்பீர்கள்.

பிறகு வேண்டுவன ஈரமும் பொறுமையுமே. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும். நீர் ஒழுகுதல் கூடாது. காய்ந்தால் காளான் உறங்கிவிடும். நீர் தேங்கினால் மூச்சு முட்டி மடியும். ஏறக்குறைய 60 நாட்களில் குவியல் தாழ்ந்து, பழுப்பு நிறம் மாறிக் கருமையாகி, புதுமழை பெய்த நிலத்தின் மணம் வீசும். பல்கலைக்கழகத்தின் அளவீட்டின்படி 30 விழுக்காடாக இருந்த லிக்னின் 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குகிறது. கரிக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112-லிருந்து 24 ஆகக் குறைகிறது. கால் விழுக்காடு அளவே இருந்த தழைச்சத்து ஒரு விழுக்காட்டைத் தாண்டுகிறது.

இது சர்வரோக நிவாரணி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு விழுக்காடு தழைச்சத்தைக் கொண்டு ஒரு போகத்தின் முழுத் தேவையையும் நிறைவேற்ற இயலாது. மற்ற உரங்களும் வேண்டும். ஆனால் இரசாயன உரம் தர இயலாத ஒன்றை இது தருகிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. மழை பொய்த்துக் கிணறு வற்றும் கொங்கு நாட்டு மானாவாரி நிலங்களில், விதைத்தவனுக்கும் வானத்துக்கும் இடையே சில நாட்கள் தவணை கிடைப்பது சிறு பேறன்று. அத்துடன், எரித்தால் காற்றில் கலந்துவிடும் தழைச்சத்தும் இதில் பெரும்பாலும் காக்கப்படுகிறது.

ஆகவே, நார் ஆலையின் அருகே நிலம் வைத்திருக்கும் உழவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. முதலிலேயே பெருங்குவியலில் இறங்க வேண்டுவதில்லை. புங்கமர நிழலில் ஒரு டன் கழிவை மட்டும் அடுக்கிப் பாருங்கள். மக்கிய உரத்தை ஒரு பாத்தியிலும், பச்சைக் கழிவை அடுத்த பாத்தியிலும், இரண்டும் இல்லாமல் மூன்றாவது பாத்தியிலும் கத்தரி நாற்று நடுங்கள். எது செழித்தது, எது வெளிறியது, எந்தப் பாத்திக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட நேர்ந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஆலைக்குப் பின்னால் கிடக்கும் அந்தக் குன்றை விலக்க வேண்டுமா, விலைக்கு வாங்க வேண்டுமா என்பதை அக்குறிப்பேடே உங்களுக்குச் சொல்லிவிடும்.