திரைவாசிப்பானும் தமிழ் எழுத்தும்: பணியிட மென்பொருளில் பார்வையற்றோர் அணுகல்

ஆய்வுச் சுருக்கம்

பார்வையற்ற பணியாளர் கணினியைத் திரைவாசிப்பானின் துணையால் செவிவழியே கையாளுகிறார். கணினியில் பதிந்துள்ள குறிகளின் வரிசையே அவருக்கு உரையாகிறது. தமிழ் உரையின் குறியேற்றமும் மென்பொருள் உறுப்புகளின் பெயரீடும் செம்மையுற்றாலன்றி அலுவலகத் தமிழ் அவரை எட்டாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திரைவாசிப்பான், ஒருங்குறி, குறியேற்றம், வரிவடிவு, அணுகல்தன்மை.

1. முன்னுரை

தமிழ் இலக்கண மரபு எழுத்தை ஒலிவடிவு, வரிவடிவு என இரு நிலைகளில் காண்கிறது. நன்னூல் எழுத்தியல் கூறும் பன்னிரு பகுதிகளுள் உருவமும் மாத்திரையும் தனித்தனியே இடம்பெறுகின்றன. கணினி இவ்விரு நிலைகளுக்கும் இடையே குறியேற்றம் என்னும் மூன்றாவது நிலையை அமைத்துள்ளது. பார்வையுள்ளவர் திரையில் வரிவடிவைக் காண்பதால் குறியேற்றத்தை எண்ணிப்பார்க்கத் தேவை எழுவதில்லை. பார்வையற்றவரோ குறியேற்றத்திலிருந்து நேரே ஒலிவடிவைப் பெறுகிறார். அங்கு நேரும் பிழை அவர் செவியை முதலில் எட்டுகிறது.

2. திரைவாசிப்பான் செயற்படும் முறை

திரைவாசிப்பான் திரையின் படத்தைப் பார்ப்பதில்லை. இயங்குதளத்திடமும் செயலிகளிடமும் ஒவ்வோர் உறுப்பின் பெயர், வகை, நிலை ஆகியவற்றைக் கேட்டறிந்து பேச்சுப்பொறிக்கு அனுப்புகிறது. 2006ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கர்ரன் தொடங்கிய என்விடிஏ, கட்டணமின்றிக் கிடைக்கும் திரைவாசிப்பான். அதனுடன் வரும் ஈஸ்பீக் பேச்சுப்பொறி தமிழையும் ஒலிக்கிறது. கடல், பகல், தங்கம் ஆகிய சொற்களில் ககரம் மூவகையாக ஒலிப்பதைப் பேச்சுப்பொறி சூழல் விதிகளால் தீர்மானிக்கிறது. குறிகள் பிறழ்ந்தால் அவ்விதிகளும் பயனற்றுப்போகும்.

3. கண்ணுக்கு ஒன்று, செவிக்கு வேறு

காரைக்கால் மாவட்டக் கடலோரத்தில் உள்ள மீனவக் கிராமம் பட்டினச்சேரி. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடைக்கால நிவாரணத்திற்கான பயனாளர் பட்டியலை அலுவலகம் ஒன்றில் பார்வையற்ற உதவியாளர் சரிபார்ப்பதாகக் கொள்வோம். பட்டியலில் ‘மாரியப்பன்’ என்னும் பெயர் ‘மாாியப்பன்’ எனத் தட்டச்சாகியுள்ளது. முன்னதில் ரகரமும் இகரக் குறியும் உள்ளன. பின்னதில் ரகரத்தின் இடத்தைத் துணைக்கால் பிடித்துள்ளது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஏறத்தாழ ஒரே தோற்றம் தருவதால் கண் இதைக் கடந்துவிடும். திரைவாசிப்பானில் ரகர ஒலி எழாது.

‘கௌரவம்’ என்பதைக் ககரத்துடன் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துக் ‘கெளரவம்’ என எழுதுவதும் இத்தகையதே. அதனைப் பேச்சுப்பொறி ‘கெள’ என்றே ஒலிக்கும். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்தெழுதுவதும், எகரம் வரவேண்டிய இடத்தில் ஏழைக் குறிக்கும் ‘௭’ என்னும் தமிழெண்ணை இடுவதும் இவ்வகையின.

இப்பிழைகள் பார்வையற்றவரை மட்டும் பாதிப்பவை அல்ல. ‘மாரியப்பன்’ என்று தேடும் எவருக்கும் ‘மாாியப்பன்’ அகப்படாது. பெயர் பொருந்தாமையால் உரிய குடும்பத்தின் நிவாரணம் தடைபடக்கூடும். கண் காணாத பிழையைச் செவியால் கண்டறியும் உதவியாளர் பட்டியலின் செம்மைக்கே துணைபுரிகிறார்.

4. பழைய எழுத்துருக்களின் எச்சம்

ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வரிவடிவங்களை வைத்தன. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். திரைவாசிப்பான் அவற்றையே ஒலிக்கும். மேலும் அங்கு ‘கெ’ என்பதில் கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகப் பதியும். ஒருங்குறியில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக ஒலிமுறைப்படி அமையும். 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலும் மெய்யை முன்னும் உயிரைப் பின்னும் எழுதும் முறையையே கொண்டது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எனினும் பழைய கோப்புகள் முறையாக மாற்றப்படும்வரை பார்வையற்ற பணியாளருக்குப் பயன்படா. வருடிப் படமாக மட்டும் சேமித்த ஆணையிலோ வாசிப்பதற்கு எழுத்தே இராது.

5. மென்பொருளில் பெயரீடு

உரை செம்மையாக இருப்பினும் மென்பொருள் இடர் தரலாம். சேமிப்பதற்கான பொத்தானில் படம் மட்டும் இருந்து பெயர் இல்லையெனில் ‘பொத்தான்’ என்ற சொல்லே கேட்கும். சேமிப்பதா நீக்குவதா என்று அறிய வழியில்லை. படிவத்தின் கட்டாயப் புலத்தைச் சிவப்பு நிறத்தால் மட்டும் உணர்த்துவதும், சுட்டியால் மட்டுமே திறக்கும் நாட்காட்டியை அமைப்பதும், தலைப்பில்லா அட்டவணை இடுவதும் பணியைத் தடுப்பவை. தமிழ்ப் பக்கத்திற்கு ஆங்கிலம் என மொழிக்குறி இடப்பட்டால் ஆங்கிலக் குரல் தமிழெழுத்துகளைத் தாண்டிச் செல்லக்கூடும். பெயரும் மொழிக்குறியும் இடுதல், விசைப்பலகையால் முழுதும் இயங்கச் செய்தல், பிழைச்செய்தியைச் சொற்களால் அறிவித்தல் ஆகியவை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே எளிதில் செய்யத்தக்கவை.

6. சட்டமும் கடப்பாடும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அரசு நிறுவனப் பணியிடங்களில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீட்டை வகுத்து, அதில் 1 விழுக்காட்டைப் பார்வையின்மைக்கும் குறைபார்வைக்கும் உரித்தாக்குகிறது. பிரிவு 42 தகவல் தொழில்நுட்ப அணுகலை வலியுறுத்துகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம் மின்னணுச் சேவைகளுக்கான அணுகலை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்போடு இணைத்துத் தீர்ப்பளித்தது. ஆயினும் பணி ஆணை ஒருவரை நாற்காலிவரைதான் அழைத்துச்செல்லும். கோப்பு பேசாதவிடத்து அவர் சம்பளம் பெற்றும் வேலையற்றவராகவே அமர்ந்திருக்க நேரும்.

7. முடிவுரை

தமிழ் அலுவலக மென்பொருளின் அணுகல்தன்மை நிரலாளரின் பொறுப்போடு முடிவதன்று. போலிக் குறிகளை இனங்கண்டு தொகுத்தல், பழைய கோப்புகளின் மாற்றத்தைச் சரிபார்த்தல், பொத்தான்களுக்குச் செவியில் தெளிவாக ஒலிக்கும் தமிழ்ப் பெயர்களை வகுத்தல் ஆகியவை தமிழாய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணிகள். மெய்ப்புத் திருத்தத்தின் இறுதிப் படியாக உரையைத் திரைவாசிப்பானில் ஒருமுறை கேட்பதை வழக்கமாக்கினால் கண்ணுக்குத் தப்பிய பிழைகள் வெளிப்படும். அச்சோதனையில் பார்வையற்ற பணியாளர்களே தேர்ந்த மதிப்பீட்டாளர்கள்.