ஊரடங்கிலும் தடைபடக் கூடாத போதை மீட்பு சிகிச்சை: பெருந்தொற்று கற்பித்த பாடம்

புதுதில்லி: கரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு அமல்படுத்தப்பட்டபோது, மதுக்கடைகள் மூடப்பட்டன, பேருந்துகளும் ரயில்களும் நின்றன. மதுவுக்கு அடிமையாகி, அதுவரை சிகிச்சையை நாடாதவர்கள் ஒரே நாளில் மது கிடைக்காத நிலைக்குத் தள்ளப்பட்டனர். ஏற்கெனவே சிகிச்சை பெற்று வந்தவர்களோ மருந்து வாங்கச் செல்ல வழியின்றித் தவித்தனர்.

'வீட்டிலேயே இருங்கள்' என்ற பொதுச் சுகாதார அறிவுரையும், 'நாள்தோறும் மையத்துக்கு வந்து மருந்தை உட்கொள்ளுங்கள்' என்ற சிகிச்சை விதியும் நேருக்கு நேர் மோதின. இந்தச் சிக்கலுக்கு அப்போது காணப்பட்ட தீர்வுகள், இனி எந்த நெருக்கடி வந்தாலும் பயன்படக் கூடியவை.

எத்தனை பேருக்குத் தேவை?

மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதைப்பொருள் சார்பு சிகிச்சை மையம் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019-இல் வெளியானது. அதன்படி, நாட்டில் சுமார் 16 கோடி பேர் மது அருந்துகின்றனர். மதுவால் ஏற்பட்ட பிரச்னைகளுக்காக 5.7 கோடி பேருக்கும், ஹெராயின், அபின் உள்ளிட்ட ஓபியாய்டு வகைப் போதைப்பொருள்களால் ஏற்பட்ட பிரச்னைகளுக்காக சுமார் 77 லட்சம் பேருக்கும் உதவி தேவைப்படுகிறது. ஆனால், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருப்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது.

திடீரென நிறுத்துவதில் உள்ள ஆபத்து

'மது கிடைக்காவிட்டால் பழக்கம் தானாகவே விட்டுப் போகும்' என்பது பரவலான எண்ணம். நீண்ட காலமாக நாள்தோறும் அதிக அளவில் குடிப்பவர்களைப் பொருத்தவரை இது ஆபத்தான எண்ணமாகும். மதுவுக்குப் பழகிவிட்ட மூளை, அது திடீரென நிற்கும்போது கட்டுக்கடங்காமல் கிளர்ச்சியடைகிறது.

கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, பதற்றம், தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையிலான காலத்தில் சிலருக்கு மனக்குழப்பம், இல்லாதவை கண்ணுக்குத் தெரிதல், காய்ச்சல் ஆகியவற்றுடன் கூடிய தீவிர நிலை ஏற்படுகிறது. சிகிச்சை அளிக்காவிட்டால் இது உயிரைப் பறிக்கலாம். எனினும், மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலத்துக்குத் தரப்படும் மருந்துகளாலும், தயாமின் எனப்படும் பி1 வைட்டமினாலும் இந்த ஆபத்தைப் பெருமளவு தவிர்க்க முடியும்.

கேரளத்தில் எழுந்த சர்ச்சை

ஊரடங்கின் முதல் வாரத்தில், மது கிடைக்காத விரக்தியில் சிலர் தற்கொலை செய்துகொண்டதாக கேரளத்திலிருந்து செய்திகள் வெளியாகின. இதையடுத்து, மருத்துவரின் சீட்டு உள்ளவர்களுக்குக் குறிப்பிட்ட அளவு மதுவை வழங்க அந்த மாநில அரசு 2020 மார்ச் 30-இல் உத்தரவிட்டது. மது நிறுத்தத்தால் வரும் பாதிப்புக்கு மதுவையே மருந்தாகப் பரிந்துரைப்பது மருத்துவ நெறிக்கு உகந்ததல்ல என்று இந்திய மருத்துவ சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த உத்தரவுக்கு கேரள உயர்நீதிமன்றம் ஏப்ரல் 2-இல் இடைக்காலத் தடை விதித்தது.

சிகிச்சை எட்டாத இடங்களில் மாற்று வழி தேடியவர்கள் உயிரையே விலையாகக் கொடுத்தனர். ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டத்தில் கிருமிநாசினியைக் குடித்து 10-க்கும் மேற்பட்டோர் 2020 ஜூலை இறுதியில் உயிரிழந்தனர். அப்பகுதியில் நோய்த்தொற்று காரணமாக மதுக்கடைகள் மூடப்பட்டிருந்தது குறிப்பிடத்தக்கது.

மாத்திரை வீடு சென்றது

ஓபியாய்டு போதைக்கு அடிமையானவர்களின் சிக்கல் வேறு வகையானது. இவர்களுக்குப் புப்ரெநார்ஃபின் என்ற மாத்திரை தரப்படுகிறது. நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடும் இந்த மருந்து, போதைக்கான ஏக்கத்தையும் உடல் வேதனையையும் தணிக்கிறது. மருந்து முறைகேடாகக் கைமாறுவதைத் தடுக்க, பல மையங்களில் பணியாளர் முன்னிலையிலேயே இதை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும் என்ற நடைமுறை இருந்தது.

பஞ்சாபில் 2017 அக்டோபரில் தொடங்கப்பட்ட வெளிநோயாளி ஓபியாய்டு சிகிச்சை மையங்களில், ஊரடங்கின்போது இந்த நடைமுறை தளர்த்தப்பட்டது. நிலையான முன்னேற்றம் கண்ட நோயாளிகளுக்கு, முதலில் இரு வாரங்கள் வரை தேவைப்படும் மாத்திரைகளை வீட்டுக்கே கொடுத்தனுப்ப மாநில அரசு அனுமதித்தது. ஊசி மூலம் போதைப்பொருள் பயன்படுத்துவோருக்கான மையங்களிலும், பல நாள்களுக்கான மருந்தை ஒரே முறையில் வழங்க தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வழிசெய்தது.

அமெரிக்காவும் 2020 மார்ச்சில் இதே பாதையில் சென்றது. நிலையான நோயாளிகள் 28 நாள்கள் வரையிலான மெத்தடோன் மருந்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல அங்கு அனுமதிக்கப்பட்டது. தற்காலிகமாக வந்த இந்தத் தளர்வு 2024-இல் நிரந்தர விதியானது.

மருந்து தடைபட்டால் நோயாளி மீண்டும் ஹெராயினை நாடக்கூடும். சிறிது காலம் போதைப்பொருளை விட்டிருந்த உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும் என்பதால், முன்பு எடுத்த அதே அளவு மூச்சை அடக்கி உயிரைப் பறித்துவிடும். எனவே, மருந்தைக் கொடுத்தனுப்புவதில் உள்ள அபாயத்தைவிட, கொடுக்காமல் விடுவதில் உள்ள அபாயமே பெரிது என்ற முடிவின் மீதே இந்தத் தளர்வுகள் அமைந்தன.

தொலைபேசி ஆலோசனையின் எல்லை

ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளும் வெளியாகின. மனநல ஆலோசனையையும் தொடர் கண்காணிப்பையும் தொலைபேசி, காணொலி வழியே பெற இவை வழிவகுத்தன. ஆனால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைமருத்துவம் மூலம் பரிந்துரைக்க அவற்றில் தடை விதிக்கப்பட்டிருந்தது. புப்ரெநார்ஃபினும் இத்தகைய மருந்தே என்பதால், அதைப் பெற நோயாளி நேரில் செல்ல வேண்டியிருந்தது. மையத்துக்குச் செல்லும் தடவைகளைக் குறைப்பதே அவர்களுக்கு இருந்த நடைமுறைத் தீர்வு.

நோயாளியும் குடும்பத்தினரும் செய்ய வேண்டியவை

* மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தவோ அளவை மாற்றவோ கூடாது. கையிருப்பு தீர்வதற்குச் சில நாள்களுக்கு முன்பே மையத்தைத் தொடர்பு கொள்ள வேண்டும்.
* வீட்டுக்குக் கொண்டுவரும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்கு எட்டாதவாறு பூட்டி வைக்க வேண்டும். பெரியவருக்கான ஒரு மாத்திரைகூட குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம்.
* புப்ரெநார்ஃபின் உட்கொள்பவர்கள் அத்துடன் மதுவையோ, மருத்துவர் தராத தூக்க மாத்திரைகளையோ சேர்க்கக் கூடாது. இவை ஒன்றுசேர்ந்தால் சுவாசம் தடைபடலாம்.
* நோய்த்தொற்று ஏற்பட்டு மருத்துவமனையில் சேர நேர்ந்தால், போதை மீட்பு சிகிச்சை பற்றி அங்குள்ள மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. நுரையீரல் பாதிக்கப்பட்ட நிலையில் எந்த மருந்தைத் தொடரலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்ய இத்தகவல் அவசியம்.
* மதுவை நிறுத்தியவருக்கு வலிப்பு, மனக்குழப்பம், கடும் நடுக்கம் ஏற்பட்டால் வீட்டில் வைத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

போதைக்கு அடிமையாதல் ஒழுக்கக் குறைபாடு அல்ல. தொடர் சிகிச்சை தேவைப்படும் நோய். சர்க்கரை நோயாளியின் இன்சுலின் ஊரடங்கிலும் அத்தியாவசியப் பொருளாகக் கருதப்பட்டது. போதை மீட்பு மருந்துக்கும் அதே இடத்தை அளிப்பதே பெருந்தொற்று கற்பித்த பாடமாகும்.

போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோர் 14446 என்ற தேசிய கட்டணமில்லா எண்ணிலும், மனநல ஆலோசனை தேவைப்படுவோர் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணிலும் தொடர்பு கொள்ளலாம்.